குறைந்தது பத்துப் பேர்

எங்கள் லினக்ஸ் கணினிப் பயனர் குழு கூடுவதற்கு, போத்தனூரில் ஒரு டியூஷன் சென்டர்காரர் மாடியைக் கொடுத்தார். மாதம் பத்துப் பேராவது வர வேண்டும் என்றார். வந்தது மூன்றே பேர். இடம் போய்விடுமே என்று பயந்து, வருகைப் பதிவேட்டில் மாதாமாதம் அதே ஏழு பெயர்களை நானே கற்பனையாக எழுதிவந்தேன்.

எட்டாவது மாதம் ஒரு பெண் தனியாக வந்தாள். பெயர் கேட்டேன்.

"லோகப்பிரியாங்க."

நான் கற்பனையாக எழுதும் ஏழில் நான்காவது பெயர். முகம் சுட்டது.

"இப்பத்தான் மொதத் தடவையா வாரீங்களா?" என்றேன்.

"இல்லீங்க, மொத மாசத்துல இருந்தே வாரேன். நாங்க ஏழு பேரும் பின்னாடிதான் உக்காந்திருக்கறோம். நீங்கதான் ஒருக்காக்கூட எங்ககிட்டப் பேசலீங்க."

பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் தனக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தாள்.