முகம் அடங்கட்டும்

"இதுல நான் யார் வீட்டுப் பூட்டையோ உடைச்சு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கேன்," என்றார் கணவர், தன் படத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து.

"ஆடாம உட்காருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"இதோட இருபது தடவை 'ஒண்ணே ஒண்ணு' சொல்லிட்டே. எனக்குக் காலே மரத்துப்போச்சு."

அவள் காதில் வாங்கவில்லை. மேசை விளக்கை ஓரடி நகர்த்தினாள். வெளிச்சம் மட்டுப்பட ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டினாள். அவர் மடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்து, மோவாய்க்குக் கீழே வெளிச்சம் விழுகிறதா என்று குனிந்து பார்த்தாள். மடியில் அட்டையோடு உட்கார்ந்திருக்கும் தன் கோலத்தை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. முகம் அடங்கட்டும்."

அடங்கியது. கிளிக்.

வந்த படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதினாள்: 'விளக்கு இடது, மூன்றடி. மடியில் அட்டை.' எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் இப்படி ஒரு குறிப்பு. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகும் படத்தின் பின்னாலும் இருக்கும். கை தானாக எழுதிவிடும்.

வெளிச்சத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முகம்தான் பூட்டு உடைத்த முகமாகவே இருந்தது.

அவளுடைய ஸ்டுடியோ, தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. இந்த மாதமும் ஆள் வராவிட்டால் காலி செய்துவிடுவதாகக் கணவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். துணி மூட்டை போட அந்த அறைதான் வேண்டும் என்று தையல்காரர் வாரத்துக்கு ஒருமுறை வந்து சுவரை அளந்துவிட்டுப் போகிறார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தன் மகளின் கல்யாணப் பேச்சுக்கான படத்தை அவர் நாலு தெரு தள்ளிப் புதிதாக வந்த ஸ்டுடியோவில் எடுத்துவிட்டு, மெனக்கெட்டு மாடியேறி வந்து அவளிடமே காட்டினார்.

"எப்படிச் சிரிக்குது பாருங்க! இது எங்க வீட்டுப் பொண்ணுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக அவளை விடவில்லை. பொறாமை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால், ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டாள். மற்ற ஸ்டுடியோக்களுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்தவள்போலப் போய் உட்கார்ந்து, என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது.

முதல் இடத்தில் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பானையைத் திருப்புவதுபோலத் திருப்பி வைத்தார்கள். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். இரண்டாவது இடத்தில் நாற்காலியைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். பின்னால் நிழல் விழவில்லை. இது நல்ல விஷயம், மனதில் குறித்துக்கொண்டாள். மூன்றாவது, அந்தப் புது ஸ்டுடியோ.

"வாங்கம்மா, உட்காருங்க. படம் எதுக்கு?" என்றார், மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு ஒருவர்.

"வேலைக்கு மனு போடறேன்."

கூசாமல் பொய் சொன்னாள். கண் மட்டும் அறையை அளந்தது. இரண்டு விளக்கு, வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடை. அவளிடம் இருப்பதுதான். அப்புறம் எங்கேதான் இருக்கிறது வித்தை?

அவர் விளக்கை நகர்த்தினார். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் நகர்த்தினார். குடையைச் சாய்த்தார், நிமிர்த்தினார். ஐந்து நிமிஷம் போயிற்று. இவருக்கும் தடுமாற்றம்தானா! அவளுக்குள் அல்பமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கடைசியில் காமிராவில் கண்ணை வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்னம்மா இது, கரன்ட் போயிடுச்சா?"

இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. அவள் காமிராவைப் பார்த்தாள். லென்ஸின் மூடியை அவர் கழற்றவே இல்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள். முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டாள். மூடி எப்போது கழன்றதோ, கிளிக் சத்தம் மட்டும் காதில் விழுந்தது.

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். தனக்குள் இப்படி ஒருத்தி இருப்பது இத்தனை வருஷம் அவளுக்கே தெரியாது.

"வேணும்னேதான் மூடியை விட்டீங்களா?"

"எல்லாருக்கும் அதேதாம்மா. இதுவரைக்கும் ஒருத்தரும் தப்பிச்சதில்லை."

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவர் இழுப்பறையைத் திறந்தார். "கடை போடறதுக்கு முன்னாடி, இங்க இருக்கிற ஸ்டுடியோ ஒவ்வொண்ணுக்கும் படம் எடுத்துக்கிற மாதிரி போய் உட்கார்ந்து பார்த்தேன். அப்போ தாடி வெச்சிருந்தேன். ஒரு இடத்துல அந்தம்மா என் மூஞ்சியத் திரும்பிக்கூடப் பார்க்கலை. விளக்கு, விளக்கு, விளக்குதான். அந்த வெளிச்சத்துல கண்ணு கூசி, எனக்கும் அவங்க மூஞ்சி சரியாத் தெரியலை. கடைசியில மூடியைக் கழட்டாமலே காமிராகிட்டப் போய், நெஜமாவே கேட்டாங்க, கரன்ட் போயிடுச்சான்னு! எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப் போச்சு. அந்த நேரம் பார்த்து அமுக்கியிருந்தா அவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாதும்மா. விட்டுட்டாங்க. இந்தாங்க, அவங்க எடுத்த படம். நீங்களே பாருங்க."

படத்தில் ஒரு தாடிக்காரர், பூட்டு உடைத்து மாட்டிக்கொண்டவர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மெல்லத் திருப்பினாள். பின்பக்கத்தில் பென்சில் எழுத்து, அவளுடைய கையெழுத்து: 'விளக்கு இடது, நாலடி. ஆள் ஓயாமல் சிரித்தார். முகம் அடங்கும்வரை பத்து நிமிடம் காத்திருந்து எடுத்தேன்.'