செத்த நேரம்

“யம்மா, முட்டி கழண்டுரும் போல. செத்த நேரம் உட்காந்துட்டுப் போவமா?” என்றாள் பானுப்ரியா.

முன்னால் போன தஹ்சீன் சட்டென்று திரும்பினாள். “உட்காரணும்னா உட்காருங்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க.”

“எந்த வார்த்தை? செத்த நே...”

“பானு டீச்சர்!”

நால்வரும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளியின் ஆசிரியைகள். காலாண்டு விடுமுறைக்குச் சிறுமலை உச்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். இந்த ஜூனில்தான் பள்ளிக்கு மாற்றலாகி வந்த பானுப்ரியாவுக்கு இது புதுசு. மற்ற மூவருக்கும் வருடா வருடம் நடக்கிற வழக்கம். ஒரு நாள் கடற்கரையோரம், மறுநாள் மலை.

“போன வருஷம் கடலோட திரும்பிட்டோம். மலை பாக்கி,” என்றாள் மணிமேகலை. “இன்னைக்கு உச்சியப் பாக்காம நான் எறங்க மாட்டேன்.”

“ஏன், அப்ப மழையா?”

“மழை மாதிரிதான்,” என்று டெய்சி அவசரமாகக் குடையை விரித்தாள்.

நல்ல வெயிலிலேயே தூறல் விழுந்தது.

“நரிக்குக் கல்யாணம் போல. மாப்பிள்ளை நரியாச்சும் செத்த நேரம் உட்காந்திருக்கும்!” என்றாள் பானு.

டெய்சிக்குச் சிரிப்பு வந்தது. தஹ்சீனின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

பானுவுக்குச் சுருக்கென்றது. “இங்க பாருங்க தஹ்சீன் டீச்சர், நான் சின்னாளப்பட்டிக்காரி. எங்க பேச்சு இப்படித்தான். கேட்கக் கேவலமா இருந்தா சொல்லுங்க, இப்படியே எறங்கிப் போறேன்.”

“அய்ய, அவளும் திண்டுக்கல் பேகம்பூர்தான். அவ வீட்டுலயும் இதே பேச்சுதான்,” என்றாள் டெய்சி.

“பெறகு என்னவாம்?”

தஹ்சீன் மணிமேகலையின் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, “எல்லாரும் மூச்சு வாங்கிக்கங்க” என்று உத்தரவு போட்டாள். பள்ளியிலும் இப்படித்தான். மணிமேகலையின் மாடி வகுப்பைக்கூடத் தானே வாங்கிக்கொண்டவள். சரியான அதிகாரம் என்று பானு முணுமுணுத்தாள்.

திடீரென்று மேகம் இறங்கி, பாதை மறைந்தது.

“மழை வலுத்தா வழுக்கும். எறங்கிரலாம் மணி,” என்றாள் தஹ்சீன்.

“உச்சி அந்தா இருக்குடி. என் கையப் பிடிச்சுக்க. வந்துரு.”

இருவரும் கைகோத்து ஏறினார்கள். டெய்சியும் பானுவும் பின்னால்.

உச்சியில் கால் வைத்தபோது காற்று மேகத்தை விலக்கியது. கீழே தென்னந்தோப்புகள், குளங்கள், வெயிலில் திண்டுக்கல் மலைக்கோட்டை.

மணிமேகலை ஈரப் பாறையில் அமர்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

“தஹ்சீன், வா. செத்த நேரம் உட்காருவோம்.”

மலைவாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்த டெய்சியின் கை நின்றது. தஹ்சீன் ஓடிவந்து மணிமேகலையின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பானு விழித்தாள். “நான் சொன்னா கோவம். இவங்க சொன்னா அழுகையா?”

“போன வருஷம் கடற்கரையில இதச் சொல்லிட்டுத்தான் மணல்ல சாஞ்சேன் பானு. நெஞ்சு நின்னுபோச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம அமுக்கிக்கிட்டே இருந்தது இவதான். இப்ப டாக்டரே தாராளமா நடன்னு சொல்லியும், இவளுக்குத்தான் பயம் போகல.”

தோழியின் உள்ளங்கைகளை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள் மணிமேகலை.

“நமக்கெல்லாம் அது கொஞ்ச நேரம். இவளுக்கு அது, நான் செத்த நேரம்.”