யார் கட்டிய பாடி?

"அந்த ஜைனுதீன் அங்கிள் மறுபடியும் வந்து நிக்கிறாரு. கராஜைத் திறக்காதீங்க!" வள்ளி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"பழைய கார்னா பிடிக்கும் போல," என்றான் நஞ்சுண்டன்.

"தமிழ்ச் சங்க பிக்னிக்ல நம்ம காரைப் பார்த்ததுல இருந்து விடவே மாட்டேங்கிறாரு. இந்த அமெரிக்காவுல, ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல வேற காரே இல்லையா?"

நஞ்சுண்டன் ஏலத்தில் எடுத்த பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார் அது. சேஸியும் என்ஜினும் உலகப் போருக்கு முந்தியவை. பாடி மட்டும் போருக்குப் பிறகு பாரிஸ் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் புதிதாகக் கட்டியது. கட்டியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய டிசைனிலேயே வேறு பாடி கட்டினால்தான் மதிப்பு என்று எக்ஸ்பர்ட் சொல்லிவிட்டார். நாளைக்கு வேலை ஆரம்பம்.

நஞ்சுண்டன் வெளியே போய் விஷயத்தைச் சொன்னதும், ஜைனுதீனின் முகம் வெளிறியது.

"வேணாம் தம்பி! இல்லன்னா கழட்டின பாடியை எனக்குக் குடுத்துடுங்க."

பின்னாலேயே வந்த வள்ளி விடவில்லை. "வெறும் தகடை வச்சு என்ன பண்ணுவீங்க அங்கிள்?"

"சும்மா... வீட்ல வச்சுக்குவேன்மா."

வள்ளி கணவனை ஓரமாக இழுத்துப்போனாள். "கட்டினவர் பெரிய ஆளா இருக்கணும். இவருக்குத் தெரிஞ்சிருக்கு. நம்மகிட்ட சொல்லாம அமுக்கப் பாக்குறாரு."

நஞ்சுண்டனுக்கும் சந்தேகம் தட்டியது. திரும்பி வந்தான்.

"அங்கிள், ஓப்பனா கேக்குறேன். இதைக் கட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, கழட்டுறதை நிறுத்திடுறேன்."

"தெரியும்," என்றார் தயங்கி.

"பாத்தீங்களா!" என்றாள் வள்ளி. "பெரிய பேரா?"

"பேரே இல்லாத ஆளும்மா. தகடு தட்டிப் பொழச்சவரு."

"நம்பச் சொல்றீங்களா?"

அவர் போனில் ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். ஒரு பட்டறை. பெயின்ட் பூசாத நிலையில் இதே கார். பக்கத்தில் சுத்தியலோடு ஒரு கறுத்த இளைஞன்.

"யாரு இது? நம்ம ஊர் ஆளு மாதிரி இருக்காரே?" என்றாள் வள்ளி.

"காரைக்கால்ல இருந்து பிரான்சுக்குக் கப்பல் ஏறினவரு. திரும்பி வரவே இல்ல," என்றார் ஜைனுதீன். "அப்போ நான் உம்மா வயித்துல இருந்தேன்மா. எங்க வாப்பா."