இந்தச் சனிக்கிழமையும் சப்பாத்து இல்லை

ஒரு காலத்திலே, தேம்ஸ் ஓடுகிற ஒரு பெரிய ஊரிலே, குகதாசன் என்று ஒருத்தன் இருந்தான். மோர்டனில் ஒரு சின்ன அறை, கவுன்சிலில் கிளார்க் வேலை, பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ. அதுதான் அவனுடைய ராச்சியம்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கு வரக்கூடாத ஆசை ஒன்று அவனுக்கு வந்தது. நோர்வே மலையிலே, பாதை போடாத வெண்பனியிலே, காலிலே ஸ்கீ என்கிற வழுக்குப் பலகை கட்டிக்கொண்டு குடிலுக்குக் குடில் நடந்து போகவேண்டும். ஸ்கொட்லாந்துக்குப் போய் வகுப்பில் சேர்ந்து பழகினான். ஈஸ்டர் லீவுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டான்.

சப்பாத்தும் ஸ்கீயும்தான் கிடைக்கவில்லை.

கடையில் இல்லாமல் இல்லை. விற்கிறவர் விடவில்லை.

அந்த மலைச்சாமான் கடையில் விற்கிறவர் முனியாண்டி. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முதல் நாள் அவருடைய தமிழைக் கேட்டபோது குகதாசனுக்கு நெஞ்சு குளிர்ந்துதான் போனது.

“வாங்க தம்பி. கூட யாரும் வரலியா?”

“இல்லை, தனியத்தான்.”

“மலைக்கு யாரோட போறீங்க?”

“அங்கை சிநேகிதர்மார் நிக்கினம் அண்ணை.”

பொய். ஒருத்தரும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

முனியாண்டி ஸ்கீ இரண்டையும் தரையில் வைத்து அவனை ஏறி நிற்கச் சொன்னார். அடியில் ஒரு கடதாசியை விட்டு இழுத்தார். கடதாசி சுகமாக வழுக்கி வந்தது. அப்படி வந்தால் ஆளின் பாரத்துக்கு ஸ்கீ பொருத்தமாம். பிறகு கணுக்காலை மூடுகிற தோல் சப்பாத்தை மாட்டிப் பார்த்தான். குதி அசையவில்லை. விரல்கள் தாராளமாக அசைந்தன.

“இது காணும் அண்ணை. கட்டித் தாங்கோ.”

முனியாண்டி சப்பாத்தைக் கழற்றி வாங்கி முறுக்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“ம்ஹூம், வளையுது. சரிவுல திரும்பறப்ப காலை வாரிடும். ஸ்கீயும் இத விட நல்லது இருக்கு. அடுத்த சனி வாங்க.”

அடுத்த சனி, புதுச் சாமான் வரவில்லை என்றார். அதற்கடுத்த சனி, வந்த சப்பாத்து குதியை உரசும் என்றார். விற்கத்தான் சம்பளம், ஆட்களைத் திருப்பி அனுப்புவதற்கு இல்லை என்று மனேஜர் வந்து இங்கிலீசில் கத்திவிட்டுப் போனார். முனியாண்டி தலையைச் சொறிந்தார், அவ்வளவுதான்.

குகதாசனுக்கு எரிந்தது. கூட்டமாக வருகிற வெள்ளைக்காரருக்கெல்லாம் உடனே கட்டிக் கொடுக்கிறார். எங்கட ஆள் ஒருத்தன் மலையேறினால் இவருக்குப் பொறுக்கேலாது!

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, கடை பூட்டுகிற நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். குகதாசன் சண்டைக்கென்றே போனான்.

“இண்டைக்குத் தாறியளோ, இல்லையோ?”

“பொறுங்க தம்பி. டீ குடிக்கிறீங்களா?”

“நான் தேத்தண்ணி குடிக்க வரேல்லை. தமிழனுக்குத் தமிழன் செய்யிற வேலையே இது?”

“கோவிச்சுக்காதீங்க லா...” என்று மலேசியாப் பேச்சில் இழுத்த முனியாண்டியின் கண் வாசலில் இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு, தபால்காரச் சட்டையோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார்.

“முனியாண்டி! இண்டைக்கும் ஸ்கீ சரியில்லை எண்டால் நான் இதிலயே பாய் விரிச்சுப் படுப்பன்!”

குகதாசன் திரும்பினான். “உங்களையும் அலைக்கழிக்கிறாரோ, அண்ணை?”

“போன கிழமையும் வந்து வெறுங்கையோட போனனான், லூயிஷாமில இருக்கிற வீட்டுக்கு. பேர் செபமாலைமுத்து. நீர் எங்கை போறீர்?”

“நோர்வேக்கு. ஈஸ்டருக்கு.”

“அட, நானும் அங்கைதான்! ஆரோட போறீர்?”

குகதாசன் பழைய பொய்யைச் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

“ஒருத்தரும் இல்லை.”

“எனக்கும் அதே கதைதான். மனிசி செத்தாப்பிறகு வீட்டில தேத்தண்ணிக் கேத்தில் மட்டும்தான் சத்தம் போடும்.” அவர் சிரித்தார். “அப்ப, சேர்ந்து போவமே? ஆனா என்ர குறட்டையைத் தாங்கோணும்.”

“தாங்கலாம் அண்ணை.”

முனியாண்டி உள்ளே போய், இரண்டு பேருக்கும் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த சாமானைக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்த குகதாசன் திகைத்தான். முதல் நாள் போட்டுப் பார்த்த அதே சப்பாத்து.

“இது வளையுது எண்டு சொன்னியளே!”

“சப்பாத்துல ஒரு குறையும் இல்ல தம்பி. நம்ம ஆளுங்க ஒரு செருப்பு வாங்கறதுன்னாலும் நாலு பேரா வருவாங்க. நீங்க தனியா வந்தீங்க. பனிமலைக்குத் தனியா போற ஆளுக்கு எப்படி விக்கறது? உங்களுக்கு யாரும் இல்லன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதான், இன்னொருத்தர் தனியா வர்ற வரைக்கும் இழுத்தடிச்சேன்.”

குகதாசன் காசைக் கட்டிவிட்டுச் சப்பாத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டான். செபமாலைமுத்து அவனுடைய ஸ்கீயையும் சேர்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு, “வாரும், ரயில் போகப்போகுது” என்றார்.

தெருமூலையில் குகதாசன் திரும்பிப் பார்த்தான். முனியாண்டி கடையைப் பூட்டிவிட்டு, கோட்டுக் கொலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, மற்றப் பக்கமாகத் தனியே நடந்து போனார்.