அண்ணி எந்தப் பக்கம்?

"துரோகம்ணே இது. சுத்தத் துரோகம்!"

தம்பி பல்லைக் கடித்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் அண்ணி. பள்ளிக்கூடத்தில் வணிகவியல் டீச்சர். மைக் பிடித்தால் பரிசோடுதான் இறங்குவார் என்று ஊரே சொல்லும்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்போர் சங்கக் கூடம் நிரம்பி வழிந்தது. விவாதத்துக்குத் தலைப்பு, 'ஐந்தாண்டுப் பொருளாதாரம்: அரசு பாஸா, ஃபெயிலா?'

அண்ணி பேசிக்கொண்டிருந்தது 'பாஸ்' அணிக்கு. அதுதான் தம்பிக்கு வயிற்றெரிச்சல்.

இருக்காதா பின்னே? அண்ணன் அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருந்தவர். காகித விலை ஏறி, ஆர்டர் படுத்து, போன வருஷம் மூடினார். இப்போது யாரோ ஒருத்தருடைய குடோனில் சூப்பர்வைசர். போதாக்குறைக்குத் தம்பி எதிர்க்கட்சிக்காரன். பைக்கில் கொடி கட்டாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகமாட்டான்.

"விலைவாசி ஏறிச்சு, ஒத்துக்கிறேன்" என்றார் அண்ணி. "ஏறாத நாடு ஒண்ணு காட்டுங்க, நாளைக்கே அங்க குடிபோயிடலாம். ஆனா கரண்ட் போய் எவ்வளவு நாளாச்சு? மெழுகுவர்த்தியை எங்க வச்சேன்னே எனக்கு மறந்துபோச்சு. ரோடு போட்டாங்க. தெருமுனைத் தையல்கடைக்கும் பேங்க்ல கடன் கிடைக்குது. இதெல்லாம் தானா நடந்துச்சா?"

கூடம் சிரித்தது, கைதட்டியது.

"புருஷன் பட்டறையில பூட்டு தொங்குது. இவங்க ரோட்டைப் பத்திப் பேசுறாங்க" என்று முணுமுணுத்தான் தம்பி.

அடுத்து எதிரணித் தலைவர் எழுந்தார். வக்கீல். குரலை இறக்கிப் பேசத் தெரிந்தவர்.

"கரண்ட் வருது. ஃபேன் ஓடுது. ஆனா மெஷின் ஓடலையே, ஏன்? இதே பேட்டையில ஒரு அட்டைப்பெட்டிப் பட்டறை. கடைசி நாள் அந்த முதலாளி கட்டிங் மெஷினைத் துணியால துடைச்சார். துடைச்சுட்டு, அது மேலயே தலையைச் சாய்ச்சு, குழந்தை மாதிரி அழுதார். சொல்லுங்க, இந்த அரசு பாஸா?"

கைதட்டல் இடி இடித்தது. முதலில் தட்டியது தம்பி.

எல்லோரும் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் தலை மெல்லத் தாழ்ந்தது. எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

பதில் சொல்ல அண்ணி மறுபடி மைக்கைப் பிடித்தார். இந்தத் தடவை சிரிப்பில்லை.

"வக்கீல் சார் பட்டறை மூடினதைச் சொன்னார். மூடின விதத்தைச் சொல்லலை. அங்க வேலை பார்த்த அத்தனை பேருக்கும் வேற இடத்துல வேலை பேசிவச்சுட்டுத்தான் அந்த மனுஷன் ஷட்டரை இறக்கினார். கடைசியாத்தான் தனக்குன்னு வேலை தேடினார். அரசு பாஸா ஃபெயிலான்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க. அவர் பாஸ். காலமெல்லாம் பேப்பர் திருத்துறவ சொல்றேன், அவர் பாஸ்!"

அண்ணன் நிமிர்ந்தார். பட்டறை மூடியதிலிருந்து வளைந்திருந்த முதுகு அது.

நடுவர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். "டீச்சரம்மா தலைப்பை விட்டு விலகிட்டாங்க" என்று மார்க்கைக் குறைத்தார்கள். முதல் பரிசு வக்கீலுக்கு. அண்ணிக்கு இரண்டாம் பரிசு, அட்டைப்பெட்டியில் ஒரு குட்டிக் கோப்பை.

வாசலில் தம்பி வெடித்தான்.

"திருப்தியா அண்ணி? சொந்தப் புருஷன் வயித்துல அடிச்ச கவர்மென்ட்டுக்கு வக்காலத்து! அதுலயும் தோல்வி! எங்க அண்ணன் மானத்தைப் பத்திக் கொஞ்சமாவது நினைச்சீங்களா?"

அந்த நேரம் பார்த்து முதல் பரிசுக் கோப்பையோடு வக்கீல் வந்தார்.

"டீச்சர், நியாயமா இந்தக் கோப்பை உங்களுக்கு வரவேண்டியது. முதல்ல எங்க அணியிலதானே பேர் கொடுத்தீங்க? அந்தப் பட்டறைக் கதையை உங்க வாயால சொல்லுங்கன்னு கேட்டதும் பட்டுன்னு அந்தப் பக்கம் தாவிட்டீங்களே!"

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிஜமாவா? ஏன் அண்ணி?"

"இவர் அழுததைச் சொல்லி நான் கைதட்டு வாங்கணுமா? அந்த அணியில சும்மா உட்கார்ந்திருந்தாக்கூட, எல்லாரும் இவரைப் பாவமாப் பார்ப்பாங்க. அதுக்கு இந்தப் பக்கமே மேல்னு போனேன்." கொஞ்சம் சிரித்தார். "ஓட்டு யாருக்குன்னு கேட்காதீங்க. அது வேற விஷயம்."

வக்கீல் கிளம்பினார். அண்ணன் மனைவியிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். பழக்க தோஷம், கட்டைவிரலால் மடிப்பு ஓரங்களைத் தடவிப் பார்த்தார்.

"மடிப்பு சரியில்ல. நம்ம பட்டறையில இப்படி வெளிய விட்டிருக்கமாட்டோம்."

"குடுங்க, நான் எடுத்துட்டு வரேன்" என்றார் அண்ணி.

"வேணாம். என் பொண்டாட்டி வாங்கின பரிசு. நானே தூக்கிட்டு வரேன், நாலு பேர் பார்க்கட்டும்."

இரண்டடி நடந்தவர் நின்றார். தம்பி பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"வக்கீல் சொல்ற வரைக்கும் நான் அழுதது உங்க அண்ணிக்கே தெரியாதுடா. அன்னிக்குப் பட்டறையில நாம ரெண்டு பேர்தானே இருந்தோம்?"