எல்லாம் கள்ளு செய்த வேலை

நெற்றியில் தையலோடு ஊர்வலத்தின் முன்வரிசையில் நின்றாள் மேர்சி. கையில் ‘கள்ளுத் தவறணையை மூடு’ என்ற மட்டை. காயம் நன்றாகத் தெரியும்படி அவளை வெயில் பக்கம் திருப்பி நிறுத்தியவர் மீனவர் சங்கத் தலைவர் கிறிஸ்துநாயகம்.

“தலையை மூடாதை பிள்ளை, பேப்பர்காரர் வருவினம்.”

அடித்தவன் அவளுடைய கணவன் மரியரட்ணம். ஆனால் அந்தக் கரையோர ஊரில் அவனைக் குற்றம் சொல்ல ஒருவரும் இல்லை. அடித்தது மரியரட்ணம் அல்ல, அவனுக்குள் போன கள்ளுத்தான் என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது. கள்ளும் பாவம், எதிர்த்து வாய் திறக்கவில்லை.

அவன் படலையைத் திறக்கும் முன்பே கள்ளு மணம் வீட்டுக்குள் வந்துவிடும். தள்ளாடி வருவான், தூசணம் பொழிவான். புதுக் கைத்தொலைபேசியைப் பத்திரமாக அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்து அடிப்பான். விடிந்ததும், “வெறியிலை என்ன செய்தனெண்டே தெரியேல்லை மேர்சி” என்று காலைப் பிடிப்பான். அவளும் நம்பித் தொலைப்பாள்.

இந்த முறை அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. உடுப்புப் பையோடு கொடிகாமத்துத் தமக்கை வீட்டுக்குப் புறப்பட்டவளைப் பஸ் தரிப்பிடத்தில் மறித்தவரும் இதே கிறிஸ்துநாயகந்தான்.

“குடும்பத்தைக் குலைக்காதை பிள்ளை. அவன் தங்கமான பெடியன். தவறணையை மூடினா எல்லாம் சரிவரும்.”

மேர்சி பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கள்ளில்லாத மரியரட்ணத்தோடு கடைசிவரை வாழ்ந்துவிடலாம் என்று ஓர் ஆசை. வெட்கங்கெட்ட ஆசைதான், என்ன செய்வது!

தவறணை வாசலில் கோஷம் வானத்தைப் பிளந்தது. ஆண்கள்தான் கூடுதலாகக் கத்தினார்கள். அவர்களில் பாதிப் பேர் முதல் நாள் பின்னேரம் அதே வாசலால் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வெளியேறியவர்கள்.

முகாமையாளர் சிவரூபன் வெளியே வந்தான். இளம் பெடியன், சண்டை பிடிக்கிற முகம் இல்லை.

“தம்பி, கும்பிட்டுக் கேக்கிறன், மூடுங்கோ.” மேர்சி நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “உங்கடை கள்ளு செய்த வேலையைப் பாருங்கோ.”

அவன் தையலைப் பார்த்தான். பிறகு கிறிஸ்துநாயகத்தைப் பார்த்தான். தலைவர் அவசர அவசரமாக அடுத்த கோஷத்தைத் தொடங்கினார்.

“அக்கா, நாளைக்கே வேணுமெண்டாலும் மூடுறம்,” என்றான் சிவரூபன் தணிந்த குரலில். “ஆனா மரியரட்ணம் அண்ணை குடியை விட்டு ஒரு வருசமாச்சு. ஈரல் பழுதெண்டு டொக்டர் வெருட்டினதிலையிருந்து ஒரு சொட்டும் வாயிலை வைக்கிறேல்லை. உங்களுக்குத் தெரியாதோ?”

மேர்சியின் கையிலிருந்த மட்டை சரிந்தது.

“பொய் சொல்லாதை தம்பி. அப்ப அந்த மணம்?”

“ஒரு கிளாஸ் வாங்கிச் சட்டையிலை ஊத்திக்கொண்டு போறவர், அக்கா.”