மாத்திரையின் பேச்சு

"டாக்டர் ஐயா, எம் பேரு குணா. வயசு இருபத்தஞ்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கேன். சங்கரன்கோவில் தனபாலோட மவன்..."

தையல் மெஷின் சத்தம் எட்டாத மாடிப்படியில் நின்று அவன் சொல்லச் சொல்ல, டாக்டருக்கான கடிதம் செல்போனில் எழுத்தாக விழுந்துகொண்டே போனது.

அப்பாவுக்குக் கைநடுக்கம். மூளையில் ஒரு என்சைமின் வேலையைக் குறைக்கிற மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நடுக்கம் அடங்கும், ஆனால் சிலருக்கு நடத்தையே மாறலாம், மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

மாறித்தான் போயிருந்தார் அப்பா. மகன் பிளஸ் டூ பாஸானபோது "ம்" என்றதோடு லாரி எடுக்கப் போனவர், இப்போது அவன் சூப்பர்வைசர் ஆனதை டீக்கடையில் எல்லோரையும் நிறுத்திச் சொல்கிறாராம். அவன் அனுப்பிய பனியனை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மகன் லைனில் தைத்த தையல் என்று தோளைக் காட்டுகிறாராம். போனிலும், "கெட்டிக்காரம்ல நீ" என்றார்.

முதல் தடவை அதைக் கேட்டதும் குணா தன் லைன் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தான். பிறகுதான் டாக்டர் சொன்னது உறைத்தது. சில நாளாக அப்பா கூப்பிட்டால் எடுப்பதில்லை.

துணி செக்கிங்கில் இருக்கும் சிவராஜ் அவன் சொன்னதைக் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கப்பன் எம்பட பேரச் சொல்றதே வையறதுக்குத்தானப்பா. உன்னைய மெச்சுனா அது நோவா?"

"மாத்திரை பேசுதுண்ணே. சொல்லாம விட்டா அவருக்கு என்ன ஆகுமோ. சொன்னா மாத்திரைய நிறுத்திருவாங்க." குணா குரலைத் தாழ்த்தினான். "அப்புறம் என்னைய இப்படிச் சொல்லவும் மாட்டாரு."

குணா அந்தக் கடிதத்தை ஊரில் அப்பாவோடு இருக்கும் தங்கை ஜெயபாரதிக்கு அனுப்பி, டாக்டரிடம் காட்டச் சொன்னான். படித்த கையோடு அவள் கூப்பிட்டாள்.

"இத யாருட்டயும் காட்ட வேண்டாம்ண்ணே. அப்பா குடிக்கிற இருமல் மருந்தோட அந்த மாத்திரை சேராதாம். இருமல் நின்ன பெறவு ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் ஒண்ணுகூடப் போடல. அவுக கூப்பிட்டா போன எடு."